தோள் மட்டம்

முதலில் ஒரு கரகரப்பு கேட்டது. அடியில் மண் சிக்கிய இரும்பு, தரையை விட்டு எழும்ப மனமில்லாமல் எழும்பும்போது போடுகிற கரகரப்பு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கடகடவென்று ஓர் உருளல், நடுவில் எங்கும் மூச்சு வாங்காமல் மேலே போய், உச்சியில் 'டொம்' என்று முட்டி அடங்கியது. கடைக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருந்த ஒற்றை அறையில், வலது கைக்குக் கீழே தலையணையை அண்டக் கொடுத்துப் படுத்திருந்த சண்முகக்கனிக்குக் கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, அது தன் கடை ஷட்டர் என்றும், அதைத் தூக்கியது தன் கை இல்லை என்றும்.

அவள் தூக்கினால் அந்தச் சத்தம் இரண்டு துண்டாக வரும். இடுப்புவரை ஒரு துண்டு, அங்கே ஒரு சின்ன நிறுத்தம், பிறகு கையை மாற்றிப் பிடித்துக் கீழிருந்து மேலே தள்ளும்போது மறு துண்டு. அவள் புருஷன் தங்கப்பழம் உயிரோடு இருந்து தூக்கிய காலத்தில் அந்த நிறுத்தத்தில் ஓர் இருமல் இருக்கும். இப்போது வருவது ஒரே துண்டு, ஒரே மூச்சு, புருஷனின் தம்பி ஜெயக்கொடியின் மூச்சு.

"மதினி, எந்திரிக்காதிய. நான் பாத்துக்கிடுதேன்" என்று கடைக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. தினமும் வருகிற குரல். அன்பான குரல்தான், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு நடுவில் கிடந்த அந்த ஊருக்குத் தெற்கு பஜார் என்று ஒன்று உண்டு. வடக்கு பஜார் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தப் பஜாரில் கடை யாருடையது என்று சண்டை வந்தால் பத்திரத்தை யாரும் விரித்துப் பார்க்க மாட்டார்கள், காலையில் ஷட்டரை யார் தூக்குகிறார்கள் என்று எதிர்வரிசையில் நின்று டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்பார்கள், அவ்வளவுதான் விசாரணை, அவ்வளவுதான் தீர்ப்பு. ஆயுத பூசையன்று எந்தக் கை ஷட்டரைத் தூக்குகிறதோ அந்தக் கைதான் அதற்குச் சந்தனம் வைக்கும், சந்தனம் வைத்த கையின் பேர்தான் அடுத்த வருஷம் முழுக்கப் போர்டில் நிற்கும். தங்கப்பழம் செத்த வருஷம், துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் கலையும் முன்னாலேயே சண்முகக்கனி எழுந்துபோய் ஷட்டரைத் தூக்கியது இதற்காகத்தான். அன்றிலிருந்து விரலி மஞ்சளும் வசம்பும் கடுக்காயும் சாம்பிராணியும் விற்கிற அந்தக் கடைக்குச் சண்முகக்கனி ஸ்டோர் என்று பேர்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், பரணில் இருந்த கற்பூர டின்னை எடுக்க முக்காலியில் ஏறியவள் முக்காலியோடு சேர்ந்து வலப்பக்கமாகச் சாய்ந்தாள். மேல்கை எலும்பு, தோளுக்குச் சற்றுக் கீழே, இரண்டாகப் போயிற்று. மதுரைக்குக் கொண்டுபோய், தோலைக் கிழித்து, எலும்போடு எலும்பைச் சேர்த்து வைத்து, தகடு வைத்துத் திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். கொஞ்ச நாளிலேயே கையை மெதுவாக ஆட்டத் தொடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோள் பூட்டிக்கொள்ளும் என்று பெரிய டாக்டர் சொன்னதும் உண்மை.

ஆனால் ஊருக்கு வந்ததும், ரொட்டியும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகப் பஜாரே பார்க்க வந்தது. வந்தவர்களில் ஒருத்தராவது ஆட்டு என்று சொல்லவில்லை. "அசைச்சிராத தாயி, ஒட்டுன எலும்பு விட்டுக்கிடும்" என்றார்கள். "என் சித்தி மகன் இப்படித்தான் அவசரப்பட்டு ஆட்டி, உள்ள இருந்த கம்பி வெளிய எட்டிப் பாத்துட்டு" என்றார்கள். பக்கத்து முக்கில் பூ விற்கும் முப்பிடாதி, கையைக் கழுத்தோடு கட்டியிருந்த தொட்டில் துணியின் மேலேயே ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டி, "இது தானா அவுந்து விழுத வரைக்கும் கைய எறக்கக் கூடாது யக்கா" என்று ஆணையிட்டுப் போனாள். கயிறு நல்ல கயிறு. ஆனி பிறந்தும் அவிழவில்லை. அப்படிப் பஜார் மொத்தமும் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பிடி அன்பாகப் போட்டு, அவள் தோளைப் பூட்டியது. கடைசியில் கயிற்றை அறுத்துத் துணியை அவிழ்த்தபோது கை தொட்டிலில் இருந்த மாதிரியே மடங்கி, தொட்டில் இல்லாமலே அந்தரத்தில் நின்றது.

பிசியோதெரபி செய்ய எஸ்தர் என்கிற பெண் ஸ்கூட்டியில் வந்தாள். மூட்டுகளைப் பற்றிப் பேசும்போது கோபமாகவும் மற்ற நேரங்களில் வெட்கமாகவும் இருப்பவள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னாள். கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை ஏற்றச் சொன்னாள். பிறகு கடையின் மேற்குச் சுவர் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தி, "ஆன்ட்டி, இந்த ரெண்டு வெரலும் ரெண்டு காலுன்னு வச்சுக்கோங்க. இது மலை. மெதுவா ஏறணும். எது வரைக்கும் ஏறுதோ அங்க ஒரு பென்சில் கோடு போட்டு வைங்க. நாளைக்கு அதத் தாண்டணும். தெனமும் நேத்தைத் தாண்டணும், அவ்வளவுதான் இந்த வைத்தியம்" என்றாள்.

பென்சில் இருக்கிற கடையா அது. சண்முகக்கனி மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டாள். இடுப்பு உயரத்தில் விரல்கள் நடக்கத் தொடங்கின. ஒவ்வோர் அடிக்கும் தோளுக்குள்ளே நனைந்த கயிற்றை யாரோ முறுக்கினார்கள். நெஞ்சு மட்டம் வந்தது, தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது, அதற்குமேல் விரல்கள் நடந்தாலும் கை வரவில்லை. அந்த இடத்தில் இடது கையால் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தாள்.

மறுநாள் அந்தப் பொட்டு அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

விரலேற்றினாள். பழைய இடத்துக்கு ஒரு விரல்கடை மேலே போனாள். சந்தோஷமாக ஒரு பொட்டு வைத்தாள். அதற்கடுத்த நாள் முதல் பொட்டு நெற்றிக்கு மேலும் இரண்டாம் பொட்டு கண்ணுக்கு நேரும் நின்றன. சுவரின் காலடியில் பார்த்தால் புதுச் சுண்ணாம்பு, ஈரம் காயாமல், பால்பல் மாதிரி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. சதையிலிருந்து நகம் வளர்கிற மாதிரி சுவர் அடியிலிருந்து வளர்ந்துகொண்டிருந்தது. அவள் விரல் எவ்வளவு ஏறியதோ அந்த அளவைப் போலப் பல மடங்கு அது ஏறியது.

சுவர் வளர்ந்தபோது சுவரில் இருந்ததெல்லாம் கூடவே போயின. முதலில் தினசரிக் காலண்டர், கிழிக்க எட்டாமல், ஆனி மாதத்துத் தேதி ஒன்றிலேயே நின்றுவிட்டது. பிறகு சுவிட்ச் போர்டு. விளக்குப் போட ஒரு மூங்கில் கம்பு வேண்டியிருந்தது. ஷட்டருக்கான கொக்கிக் கம்பி மாட்டியிருந்த ஆணி, கம்பியோடு மேலே போனது. தங்கப்பழத்தின் படம், மாலையோடு, எப்போதும்போலக் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தபடியே மேலே போனது. காலையில் படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுக் கடையைத் தொடங்குவது அவள் வழக்கம். மீசை வரை எட்டியது, பிறகு சட்டைக் காலர் வரை, பிறகு சட்டத்தின் கீழ்விளிம்பு வரை, பிறகு அவள் கீழே நின்று அவனுடைய தாடையின் அடிப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலம் கட்டுகிற நூல் உருண்டை, ஓட்டை போட்ட ஒரு சிரட்டைக்குள் கிடந்து, படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அதுவும் மேலேதான் போயிற்று. நூல் மட்டும் நீண்டுகொண்டே கீழே இறங்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பஜார் இதைப் பற்றி மழைப் பேச்சு பேசுகிற மாதிரிதான் பேசியது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பேன்சி ஸ்டோர் வைத்திருந்த பக்கீர் பாய் முதல் ஆளாக வந்து, "ஏ கனி, உன் சொவரு என் வளையல் ஸ்டாண்டத் தூக்கிக்கிட்டுப் போவுதேம்மா. பொம்பளப் பிள்ளைக எம்பி எம்பிக் குதிச்சு வளையல் பாக்குதுக" என்றார்.

"நான் என்ன செய்ய பாய். ஏறலன்னா கை பூட்டிக்கிடுமாம்."

"அதுஞ் சரிதான். கைய விட முடியுமா." அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "வளையல எறக்கிக்கிடுதேன். மேல காலியாக் கெடக்குற எடத்துல பொம்மை டப்பாவ அடுக்கிக்கிடுதேன். நீ ஏறு."

தகரக் கூரையின் மேற்கு ஓரம், கோழி ஒரு பக்கத்து இறக்கையை மட்டும் தூக்கின மாதிரி, சுவரோடு கொஞ்ச தூரம் எழும்பிப் பார்த்தது, பிறகு முடியாமல் விட்டுவிட்டது. சுவர் கூரையைத் தாண்டித் தனியாகப் போனது. இடைவெளியில் ஜெயக்கொடி ஒரு பிளாஸ்டிக் சாக்கைச் செருகினான். பேரூராட்சி ஆள் ஒருத்தர் வந்து நாடாவால் அளந்தார், கட்டுகிற சுவருக்குத்தான் அனுமதி வேண்டும், வளர்கிற சுவருக்கு யாரிடம் கேட்பது என்று அவருக்கே தெரியாமல், ஒரு பொட்டலம் சுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

ஆடியில்தான் நிழல் விழத் தொடங்கியது. கரிசல் வெயில் என்றால் தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில். மதியத்துக்கு மேல் அந்தச் சுவரின் நிழல் சண்முகக்கனியின் தகரக் கூரைமேல் படுத்து, கீழே வழுகி, முக்கில் முப்பிடாதியின் பூக்கூடை வரைக்கும் வந்து நின்றது. மூன்று மணிக்கே கறுத்துப் போகிற மல்லிகை, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் மூக்கும் முழியுமாக இருந்தது. சைக்கிள் ரிப்பேர்க்காரர் ஒருத்தர் இடம் மாறி வந்தார். ஆடுகள் வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் நிழலின் ஓரத்திலேயே ஒற்றையடி வைத்து நடந்து போயின. பஜாருக்கு முன்னால் ஒருபோதும் இல்லாத ஒரு பொழுது, மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில், புதிதாகக் கிடைத்தது. அந்தப் பொழுதில் உட்கார்ந்து பேசிப் பழகியவர்களுக்கு அது எப்போதும் இருந்தது போலவே ஆகிவிட்டது.

அதனால், உடம்பு முடியாமல் அவள் ஒரு நாள் விரலேற்றாமல் படுத்துக்கிடந்தால், வாசலில் குரல் கேட்கும்.

"யக்கா, இன்னிக்கு ஏறலையா?"

"கை வலிக்கி முப்பிடாதி."

"சூரியன் நகந்துட்டுல்லா. நெழலு கூடை வரைக்கும் எட்ட மாட்டேங்கு. ஒரு ரெண்டு வெரக்கடை ஏறேன், உனக்குத்தான நல்லது."

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அவளுக்குத்தான் நல்லது. ஆனால் ஏறினால் சுவர் ஏறியது, நேற்றைய பொட்டு இன்னும் மேலே போனது. ஏறாவிட்டால் தோள் இறுகியது, இருந்ததும் குறைந்தது. வேறு சுவரில் ஏறிப் பார்த்தாள், பின்னறைச் சுவர் தலையணைப் பக்கம் ஒரு சாண் வளர்ந்து ஜன்னலைத் தூக்கிக்கொண்டு போனது. கொல்லைப் பக்கத்து வேப்பமரத்தில் ஏறிப் பார்த்தாள், மரம் வளர்ந்தது, மரம் வளர்வதை மட்டும் யாரும் பேசவில்லை. பஜாரில் இருந்தவர்களுக்கெல்லாம் அவள் ஏறுவது தெரிந்தது, ஏறியும் அவள் அதே இடத்தில் இருந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் அண்ணாந்து சுவரின் உச்சியைத்தான் பார்த்தார்கள்.

ஜெயக்கொடி கெட்டவன் இல்லை. வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசை மூடிவிட்டார்கள், அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மதினிக்குக் கை முறிந்ததும் ஓடி வந்தான், ஷட்டரைத் தூக்கினான், மாலையில் இறக்கினான். ஒரு நாள் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டான். ஒரு நாள் வசம்பு டப்பாவைக் கடுக்காய் இருந்த இடத்துக்கு மாற்றினான். ஒரு நாள் யாரோ வாசலில் நின்று, "ஜெயக்கொடி கடைதான இது?" என்று கேட்டபோது, "ஆமா, வாங்க" என்றான், அப்படிச் சொன்னதை அவனே கவனிக்காமல். திரைக்குப் பின்னால் இருந்த சண்முகக்கனி கவனித்தாள். எழுந்துபோய், அவன் இல்லாத நேரம் பார்த்து, ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தாள். இடது கையால் மட்டும் தூக்கினால் அது ஒரு பக்கம் கோணி தண்டவாளத்தில் இறுகிக்கொள்ளும். இரண்டு கையும் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். முழங்கால் வரை ஏறியது. அதோடு கை விட்டுவிட்டது. இரும்பு விழுந்த சத்தத்தில் டீக்கடை ரேடியோவே ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது.

"மதினி, நான் இருக்கையில உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி" என்று ஜெயக்கொடி ஓடி வந்தான். உண்மையிலேயே பதறிப்போயிருந்தான். "இப்படி உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். ஒரு சொவரு மட்டும் வளந்து என்ன பிரயோசனம்? நாலு சொவத்துலயும் தெனம் கொஞ்சம் கொஞ்சம் ஏறுனியன்னா, மாடி தன்னால வந்துரும். கொத்தனார் கூட வேண்டாம். நீங்க மேல காத்தோட்டமா இருங்க. கீழ நான் பாத்துக்கிடுதேன்."

"மேலேர்ந்து எறங்க?"

"எறங்குவானேன்? எல்லாம் நான் மேல கொண்டாந்து தந்துருவேன்ல."

அவள் அண்ணாந்து பார்த்தாள். தங்கப்பழம் உச்சியில் எங்கோ சாய்ந்து கிடந்தான், மாலை காய்ந்து நார் மட்டும் இருந்தது. கூடிய சீக்கிரம் தானும் அப்படி, கொஞ்சம் சாய்ந்தபடி, எல்லோருக்கும் நல்லவளாக, யாருக்கும் எட்டாமல் தொங்குவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆவணி முடியப் போகையில் எஸ்தர் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைத் தோளில் வைத்துக் கோணம் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். கையைத் தானே பிடித்து ஏற்றிப் பார்த்தாள், தோள் மட்டத்துக்கு வந்ததும் உள்ளே ஏதோ ஒரு கதவு சாத்தியிருந்தது. மதுரையில் எடுத்துவந்த புது எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தது, தகடும் திருகாணிகளும் வைத்த இடத்திலேயே இருந்தன.

"எலும்பு நல்லாருக்கு ஆன்ட்டி. தோள்தான். ரொம்ப நாள் கட்டியே வச்சிட்டீங்க."

"நான் வைக்கலம்மா. வச்சாங்க."

எஸ்தர் படத்தை உறைக்குள் செருகினாள்.

"இன்னும் ஏறுமா?"

"பெரிய டாக்டர்கிட்ட கேட்டேன். வேணும்னா மயக்கம் குடுத்து வளைச்சுப் பாக்கலாம், அதுலயும் உறுதி இல்லங்கிறார்." அவள் தரையைப் பார்த்தாள். "இவ்வளவுதான் இருக்கும்னு தோணுது. தோள் மட்டம் வரைக்கும். சோறு திங்கலாம், முகம் கழுவலாம், பொட்டலம் மடிக்கலாம். தலை சீவக் கொஞ்சம் குனியணும். செய்யுறத விட்டுராதீங்க, விட்டா இதுவும் போயிரும்."

"அப்ப இந்தச் சொவரு?"

"சொவத்தப் பத்தி எனக்குத் தெரியாது ஆன்ட்டி. தோளப் பத்தித்தான் படிச்சிருக்கேன்."

ஸ்கூட்டி போகிற சத்தம் தேயும் வரை சண்முகக்கனி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வைத்த மஞ்சள் பொட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கூரை இடுக்கு வழியாக வெளியேறி, வானத்தில் போய்க்கொண்டிருந்தன. முப்பிடாதி அவற்றில் கைக்கு எட்டிய கடைசிப் பொட்டைச் சுற்றி ஒரு முழம் பூ ஒட்டி வைத்திருந்தாள்.

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. முந்தின நாளே ஜெயக்கொடி ஷட்டரைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சந்தனத்தைத் தயாராக உரசிக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் போனான். கடைக்குள் ஓரமாக, செய்தித்தாள் சுற்றிய ஒரு நீளமான பலகை சாய்ந்திருந்தது. அவள் பிரித்துப் பார்க்கவில்லை. தாளின் ஒரு கிழிசல் வழியாக 'ஜெ' மட்டும் தெரிந்தது, சிவப்புப் பெயிண்டில், நல்ல கையெழுத்தில்.

"குளிச்சிட்டு வெள்ளன வந்துருதேன் மதினி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவன் குளிக்கப் போகும் நேரம் அவளுக்குத் தெரியும். கிழக்கு வெளுத்துக்கொண்டிருக்கும்போது பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கி, வாழைக்கன்றைத் தாண்டி, தன் கடைக்கு முன்னால் வந்து நின்றாள். பூட்டைத் திறந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் பிடித்தாள்.

கரகரப்பு வந்தது. தரையை விட்டு எழும்பியது. முழங்கால். எண்ணெய் விட்ட தண்டவாளம், அதற்கு ஜெயக்கொடிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இடுப்பு. அங்கே எப்போதும் போல ஒரு நிறுத்தம், கையை மாற்றிப் பிடித்தாள், மறு துண்டுச் சத்தத்தைத் தொடங்கினாள், நெஞ்சு, நெஞ்சுக்கு மேல், தோள். அவ்வளவுதான். கதவு சாத்திய இடம் வந்துவிட்டது. அவள் தள்ளினாள். விரல்கள் துடித்தன, குதிகால் எழும்பியது, உள்ளேயிருந்த தகடும் திருகாணிகளும் கூடத் தள்ளின என்றுதான் சொல்ல வேண்டும், பல்லைக் கடித்ததில் காது அடைத்தது, ஷட்டர் ஒரு விரல்கடை கூட மேலே போகவில்லை. பஜார் தூங்கிக்கொண்டிருந்தது, கூப்பிட்டால் வர ஆள் உண்டு, யாரைக் கூப்பிட்டாலும் வருகிறவர்கள் ஒரே கையால் அதை மேலே விட்டுவிடுவார்கள், அதோடு முடிந்துவிடும். அவள் கூப்பிடவில்லை. கையை மெதுவாக எடுத்தாள். ஷட்டர் கீழே விழவில்லை, பாதிக்கு மேல் ஏறியதில் உள்ளே ஸ்பிரிங் பிடித்துக்கொள்ள, அங்கேயே, தோள் மட்டத்தில் நின்றது.

கிண்ணத்தை எடுத்து, கை எட்டிய மட்டில், ஷட்டரின் கீழ் விளிம்பில் சந்தனம் வைத்தாள். மேலே குங்குமம் வைத்தாள். குனிந்து உள்ளே போய்க் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

விடிந்ததும் எதிர்வரிசை டீக்கடைக்காரர் முதலில் பார்த்தார். அந்தப் பஜாரில் ஷட்டர் பாதியில் நின்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். தெருவில் யாரோ செத்திருக்கிறார்கள். தெரிந்தவர் சாவு என்றால் பிணம் கடந்து போகிற வரைக்கும் கடையைப் பாதி இறக்கி வைப்பது மரியாதை. அவர் யார் எவர் என்று கேட்கவில்லை, அடுப்பைத் தணித்துவிட்டுத் தன் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். அதைப் பார்த்து மளிகைக்கடை இறக்கியது. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடை, ஒன்றன்பின் ஒன்றாக, கரகரவென்று, தெருக்கோடி வரைக்கும், வாழைக்கன்றும் மாவிலைத் தோரணமும் கட்டிய ஷட்டர்கள் எல்லாம் தோள் மட்டத்துக்கு இறங்கி நின்றன. நல்ல நாளும் அதுவுமாக யார் போனது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முப்பிடாதி கூடையை இறக்கி வைக்கும் முன்னாலேயே அழத் தொடங்கிவிட்டாள்.

உள்ளேயிருந்து சண்முகக்கனிக்கு முகங்கள் தெரியவில்லை, கால்களைத்தான் பார்த்தாள். வேட்டிக் கால்கள், சேலைக் கால்கள், பக்கீர் பாயின் தோல் செருப்பு. கால்கள் கூடிக்கொண்டே இருந்தன.

"கனி" என்று பாயின் குரல் மெதுவாகக் கேட்டது. "யாரும்மா போனது?"

"யாரும் போகல பாய்."

"யக்கா, மறைக்காத. தாங்கிக்கிடுவோம்" என்று முப்பிடாதி விசும்பினாள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. அழாத."

"அப்புறம் எதுக்கு ஷட்டரு பாதியில நிக்கி?"

"என் கை அவ்வளவுதான் ஏறுது."

கால்கள் அசையாமல் நின்றன. சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது. ஆனியிலிருந்து அண்ணாந்து சுவரைப் பார்த்துப் பழகிய கழுத்துகளைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் தோளையும் அந்த ஷட்டரின் விளிம்பையும் பார்த்தார்கள். விளிம்பில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.

அப்போது அவளுக்குத் தெரிந்த இரண்டு கால்கள் வந்தன. குளித்த ஈரம் காயாத கால்கள். கூட்டம் விலகியது. ஜெயக்கொடியின் விரல்கள் ஷட்டரின் விளிம்பைப் பிடித்தன, ஒரு கை, ஒரு கையே போதும் அவனுக்கு.

"மதினி, மீதிய நான் தூக்கிரட்டா?"

அவன் தூக்கினால் தடுக்க அவள் கை எட்டாது.

"இரு ஜெயக்கொடி" என்றார் பாய். "பாதி தூக்குனா கடை யாருக்குன்னு இதுவரைக்கும் நம்ம பஜார்ல பேச்சு வந்ததில்ல."

"வராததுக்கு என்ன பாய், இப்ப வந்துட்டுல்லா. சொல்லுங்க, யாருக்கு?" என்றான் ஜெயக்கொடி.

பாய் டீக்கடைக்காரரைப் பார்த்தார். டீக்கடைக்காரர் மளிகைக்கடைக்காரரைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. அவன் விரல்கள் விளிம்பிலேயே இருந்தன, ஏற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பிறகு விரல் நுனியில் ஒட்டிய சந்தனத்தை அவன் பார்த்திருக்க வேண்டும். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். போகவும் இல்லை. வாழைக்கன்றின் பக்கத்தில், எங்கே நிற்பது என்று தெரியாத கால்களாக நின்றான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாதி இறக்கிய ஷட்டரைப் பிணம் கடந்து போன பிறகுதான் தூக்க வேண்டும், அதற்கு முன்னால் தூக்குவது பஜாருக்கு ஆகாது. கடந்து போக எதுவும் இல்லை. எனவே அன்றைக்கு முழுவதும் தெற்கு பஜார் பாதி ஷட்டரில் நின்றது, பூசை பாதி ஷட்டரில் நடந்தது, வாடிக்கையாளர்கள் எல்லாக் கடைக்குள்ளும் குனிந்து நுழைந்து குனிந்து வெளியே வந்தார்கள், உயரமானவர்கள் நெற்றியைத் தடவிக்கொண்டார்கள், நாளைக்கு என்ன செய்வது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மதியத்துக்கு மேல் சுவரின் நிழல் வந்து பூக்கூடையில் நின்றது. அன்று யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தக் காலை நேரத்தில், ஒருவரும் நகராமல் நின்றிருந்தபோது, பக்கீர் பாய்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்து உள்ளே வந்தார். நிமிர்ந்து, எதைக் கேட்பது என்று கொஞ்சம் யோசித்தார்.

"சாம்பிராணி ஒரு பொட்டலம் குடும்மா."

சண்முகக்கனி தாளை விரித்தாள். சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். வலது கையால் ஒரு மடிப்பு, இடது கையால் ஒரு மடிப்பு, வெளியே ஜெயக்கொடியின் கால்கள் இன்னும் அங்கேயே நின்றிருந்தன. அண்ணாந்து பார்க்காமலே கையை நீட்டினாள். எந்த உயரத்திலிருந்தோ இறங்கி வந்த நூல் அங்கே ஆடிக்கொண்டிருந்தது. இழுத்தாள், வந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த தாளை எடுத்து விரித்தாள்.